நாற்பத்தோரு பச்சைப் புள்ளிகள்

எங்கள் வீட்டில் அதிவேக இன்டர்நெட் இருக்கிறது. நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. மாநில அரசு வெளியிட்ட வரைபடத்தில் எங்கள் லாரல் லிக் ஹாலரில் உள்ள நாற்பத்தோரு வீடும் நாற்பத்தோரு பச்சைப் புள்ளிகள். பச்சை என்றால் இன்டர்நெட் இருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. சிவப்புப் புள்ளிக்குத்தான் அரசாங்கம் தன் செலவில் லைன் இழுத்துக் கொடுக்கும். பச்சைக்கு எதற்கு? அதுதான் ஏற்கெனவே வழிகிறதே!

அப்படி வழிகிற இன்டர்நெட்டைத் தேடி நான் மூன்று வருடமாகத் தினமும் காலை ஏழரைக்குக் காரை எடுத்துக்கொண்டு நாலு மைல் கீழே இறங்கினேன். ஹாலர் என்பது வேறொன்றுமில்லை, இரண்டு மலைக்கு நடுவே ஒரு இடுக்கு. ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு ரோடு, ரோட்டை ஒட்டி வீடுகள். அமெரிக்காவில் இந்த அப்பலாச்சிய மலையில் பாதிப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறோம். இடுக்கின் வாயில் ஒரு சர்ச். கேபிள் கம்பெனி எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த சர்ச் வரைக்கும் லைன் இழுத்தது. அதற்கு மேல் ரோடு குறுகும், கம்பெனிக்கு மனசும் குறுகிவிட்டது. ஆனால் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது மட்டும் தாராளமாக ஹாலர் முழுக்கக் கொடுத்தாயிற்று என்று எழுதிவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுக்கு வந்தது ஏட்டு இன்டர்நெட்.

சர்ச்சுக்கு மேலே இருப்பது பழைய டெலிபோன் கம்பிதான். மழை பெய்தால் அதில் போனே கரகரக்கும். செல்போன் சிக்னல் கிடையாது.

என் வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களை எடுப்பது. இன்சூரன்ஸ் ஏன் கைவிரித்தது என்று கத்துகிறவர்களிடம் "புரியுது மேடம்" என்று சொல்வது. சர்ச் வாசலில் வடக்குச் சுவரை ஒட்டிக் காரை நிறுத்தினால் வைஃபை நன்றாக வரும். ஸ்டியரிங்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஐந்து மணி வரை பேசுவேன். பாஸ்டர் டிலார்ட் நல்ல மனிதர், பாஸ்வேர்டோடு கழிப்பறைச் சாவியும் கொடுத்திருந்தார். நான் கார் நிறுத்திய இடத்தில் சரளைக்கல் பதிந்து இரண்டு பள்ளமே விழுந்துவிட்டது.

போன ஆகஸ்டில் என் சூப்பர்வைசர் டெனீஸ் கூப்பிட்டாள்.

"லியானா, ஜனவரிலருந்து ரூல் மாறுது. பொது வைஃபைல உக்காந்து நோயாளிங்க விவரத்த எடுக்கக் கூடாதாம். வீட்டுக்குள்ள சொந்த லைன் இருக்கணும்."

"எங்க வீட்டுக்கு லைனே வரலியே டெனீஸ்."

"மேப்ல பாத்தேனே, பச்சையா இருக்கு."

"மேப்ல நானும்தான் பாத்தேன். மேப்ப காதுல வெச்சுப் போன் பேச முடியுமா?"

அவள் சிரித்தாள். கெட்டவள் இல்லை. மேலிடத்தில் பேசிவிட்டு மறுநாள் சொன்னாள்: "அரசாங்கத் திட்டத்துல உங்க வீடு இருக்குன்னு ஒரு லெட்டர் கொண்டு வா. லைன் வர ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆனாலும் உன்னை வேற வேலைல போட்டு வெச்சிருக்கோம். லெட்டர் இல்லன்னா ஜனவரி முதல் திங்கக்கிழமை நீ சின்சினாட்டி ஆபீஸ்ல வந்து உக்காரணும். இல்லன்னா வேலை இல்ல."

சின்சினாட்டி காரில் நாலு மணி நேரம். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வேறு வேலை என்று பார்த்தால் டாலர் கடை இருக்கிறது, ஜெயில் இருக்கிறது. இரண்டிலும் ஆள் நிரம்பிவிட்டது. ஜெயிலில் உள்ளே வெளியே இரண்டு பக்கமும்.

வேலை போவதைவிட எனக்குப் பெரிய கவலை அம்மா. அம்மா ஒனீடாவுக்கு அறுபத்து நாலு வயது, இடுப்பு சரியில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் கரித்தூசி தின்று நுரையீரல் கெட்டுச் செத்தார். அதற்காகக் கிடைக்க வேண்டிய உதவித் தொகை வராமலே போனார். அவரை வீட்டுக்கு மேலே மலைச்சரிவில்தான் புதைத்திருக்கிறோம். அம்மா தினமும் காலையில் காபிக் கோப்பையோடு பின்வாசலில் நின்று அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். அவளைச் சின்சினாட்டிக்கு வா என்று கூப்பிடுவதும் அந்த மலையைக் கூப்பிடுவதும் ஒன்று. ஆக, அந்தப் புள்ளி சிவப்பானால் நான் அம்மாவோடு இருப்பேன். பச்சையாகவே இருந்தால் அவளைத் தனியே விட்டுப் போவேன். வேறு வழி கிடையாது.

வரைபடம் தப்பு என்று நிரூபிக்க அரசாங்கம் ஒரு வழி வைத்திருந்தது. அதைக் கேட்கக் கவுண்டி ஆபீஸ்கள் இருக்கும் கோர்ட் ஹவுஸுக்குப் போனேன். அங்கே நாய் லைசென்ஸும் இன்டர்நெட்டும் ஒரே மேஜை. மேஜைக்குப் பின்னால் மிஸ் கார்லீன்.

"அக்டோபர் முழுக்க டைம்," என்றாள் கார்லீன். "வீட்டுக்குள்ள உக்காந்து, இந்த வெப்சைட்ல வீட்டு நம்பரப் போட்டு, பட்டனை அமுக்கணும். எவ்வளவு வேகம்னு அதுவே அளந்துக்கும். மூணு வேற வேற நாள், மூணு தடவை. அப்புறம் இந்தத் தாள்ல கையெழுத்து. உங்க ஹாலர்ல இருபத்தோரு வீடு குடுத்துட்டா மொத்த ஹாலரையும் செவப்பாக்கிடுவாங்க."

"இருபதுன்னா?"

"இருபதுன்னா நாய் லைசென்ஸ் வாங்கிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். தாள்களைக் கொடுத்தேன். முதல் வரிசையில் என் மாமா ஹெர்ஷல், அம்மாவின் அண்ணன், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு கேட்டார்:

"கவர்ன்மென்ட்காரன் என் வீட்டு வேகத்த எதுக்குடி அளக்கறான்? நான் வண்டி ஓட்டற வேகத்தயே அவனால இதுவரைக்கும் அளக்க முடியல."

"மாமா, உங்க வண்டி வேகத்த இல்ல, இன்டர்நெட் வேகத்த."

"இருந்தாத்தானே அளக்க!"

"அதத்தான் காட்டணும். உள்ளபடி வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மோசமாக வந்தால்தான் நமக்கு நல்லது என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கு வரை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

ஏனென்றால் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன். இந்த மலையில் வெளியாள் ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் யாரும் இல்லாமையைக் காட்டமாட்டார்கள். கீழ் வீட்டு வெல்மாவின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தபோது, அவளுக்கு முன்பே அந்தச் செய்தி ஹாலர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. பீன்ஸ் ஜாடி, பீச் ஜாடி, பன்றித்தொடை என்று கொண்டுவந்து அலமாரியை நிரப்பினார்கள். வந்தவள் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனாள். உதவி கேட்டு விண்ணப்பம் போட்டதே வெல்மாதான். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

முதல் பத்து நாளில் ஏழே வீடு. வெப்சைட்டைத் திறக்கவே இன்டர்நெட் வேண்டுமே! டெலிபோன் கம்பியில் அது எட்டு நிமிடம் சுற்றும், பிறகு செத்துப்போகும். இன்டர்நெட் இல்லை என்பதை இன்டர்நெட்டில் வந்து சொல் என்கிறவனை என்ன செய்வது? எங்கள் வீட்டிலேயே அதிகாலையில் நாலு தடவை முயன்றுதான் ஒரு தடவை போனது. வந்த எண் ஒன்று புள்ளி எட்டு. அரசாங்கம் சொல்லும் எண் நூறு, தொண்ணூறைத் தாண்டினாலே பச்சைதான்.

மாலையில் ஐந்து மணிக்கு மேல் வீடு வீடாகப் போனேன். தொண்டை கட்டிப்போய், "சுத்திக்கிட்டே இருக்கு லியானா, என்னால முடியல கண்ணு" என்று கேட்டுக்கேட்டுச் சலித்து, புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் படுத்துவிடுவேன். அம்மா மட்டும் அப்பாவின் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு போய்வருவாள்.

திடீரென்று எண்ணிக்கை ஏறியது. கவுண்டி வெப்சைட்டில் எத்தனை வீடு முடித்தது என்று மட்டும் தெரியும், யாருக்கு என்ன வேகம் என்று தெரியாது. ஏழிலேயே நின்றது, மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஒரேயடியாக இருபத்தாறானது. நான் சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

"இருபத்தாறும்மா! அஞ்சு வீடு எக்ஸ்ட்ரா! யாரு செஞ்சாங்கன்னே தெரியல."

"நல்லவங்க இருக்காங்கடி உலகத்துல," என்றாள் அம்மா. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அன்று உலர்ந்த ஆப்பிள் வைத்து ஏழு அடுக்குக் கேக் செய்தாள். எங்கள் வீட்டில் அது கல்யாணத்துக்குத்தான் செய்வது. ஹெர்ஷல் மாமா வந்து மூன்று துண்டு தின்றுவிட்டு, "இன்டர்நெட் வரலன்னாலும் பரவால்ல, கேக் வந்துடுச்சு" என்றார்.

நவம்பர் மூன்றாம் வாரம் கார்லீன் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"கம்பெனி பதில் குடுத்திருக்கு. போன்ல வேணாம், நேர்ல வா."

மதிய இடைவேளையில் போனேன். கார்லீன் தாள்களை என் பக்கம் தள்ளினாள். முதல் பக்கத்தில் கம்பெனி வக்கீல் மரியாதையாக நாலு வரி எழுதியிருந்தார். எங்கள் சேவை லாரல் லிக் முழுக்கக் கிடைக்கிறது. குறை சொன்ன இருபத்தாறு வீட்டில் பத்தொன்பது வீடு தாங்களே அனுப்பிய சோதனை முடிவுகள் இதற்குச் சாட்சி. மீதி ஏழு வீட்டில் பழைய டெலிபோன் இணைப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், எங்களிடம் வாங்கினால் அவர்களுக்கும் கிடைக்கும்.

அடுத்த பக்கம் பட்டியல். ஹெர்ஷல் மாமா வீடு தொண்ணூற்று நான்கு. வெல்மா வீடு தொண்ணூற்று ஆறு. ஓடைக்கு அந்தப் பக்கம், கரண்டே பாதி நாள் இல்லாத எல்ஜின் கிழவர் வீடு தொண்ணூற்று நான்கு. பத்தொன்பது வீடு, மூன்று நாள், எல்லாம் தொண்ணூறுக்கு மேல்.

"எல்ஜின் வீட்ல கம்ப்யூட்டரே கெடையாது," என்றேன்.

"தேதிய பாரு," என்றாள் கார்லீன்.

பார்த்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஏழேகாலிலிருந்து ஏழே முக்கால். அடுத்த புதன்கிழமை அதே நேரம். கடைசி ஞாயிறு மதியம். எல்லாம் ஜெபக் கூட்டமும் ஆராதனையும் நடக்கும் நேரம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒன்றரை நிமிடம். இன்னொரு பக்கத்தில் எல்லாம் ஒரே போன் என்று இருந்தது. மாடல் நம்பரும் போட்டிருந்தது. நான் போன வருடம் மாற்றிவிட்டு அம்மாவுக்குக் கொடுத்த போன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்று சொல்வார்கள். வைத்தவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குத் திரும்பவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன்.

அம்மா அடுப்பில் பீன்ஸ் சூப் வைத்துவிட்டு, சோளரொட்டி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். தாள்களை மேஜைமேல் போட்டேன்.

"இது நீயா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

"வந்துடுச்சா? பாத்தியா, எல்லாம் தொண்ணூறுக்கு மேல!"

"அம்மா! ஏம்மா இப்படிப் பண்ணே?"

"அவங்களுக்கெல்லாம் சுத்திக்கிட்டே நின்னுடுச்சு. எல்ஜின் என்கிட்ட வந்து, 'ஒனீடா, என்னால லியானா பொழப்பு கெட்டுப்போகப் போகுது'ன்னு அழுவறான். அந்த ஆளு அழுது நான் பாத்ததே இல்ல. நீங்க ஏன் அலையறீங்க, நம்பரக் குடுங்க, நான் போட்டுடறேன்னேன். சர்ச் ஹால்ல உக்காந்து வரிசையாப் போட்டேன். அங்கதான் நல்லா வருது."

"அங்க நல்லா வருதுங்கறதுதானேம்மா நம்ம பிரச்சனையே! வீட்ல வரலன்னு காட்டறதுக்குத்தானே இதெல்லாம்!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கம்மியா வந்தா, இவங்களுக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்னு தள்ளிடுவாங்கன்னு நெனச்சேன்டி. நீ மூணு வருஷமாக் கார்ல உக்காந்திருக்கே. உன் பேரு அந்தத் தாள்ல மேல இருக்கு. உன் ஹாலரு கேவலமாத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். என்னை வளர்த்தவளிடம் பேசக் கூடாத வார்த்தைகள். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பட்டியலில் ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துக்கொண்டே போனாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"உங்கப்பாவுக்கும் இதத்தான் செஞ்சேன்."

"என்ன?"

"மூச்சு ஊதற டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனோமே. ரெண்டு நாள் கட்டிலை விட்டு எறங்க விடல. கோழி சூப்பு வெச்சுக் குடுத்தேன். போறதுக்கு முன்னாடி மருந்த உள்ள இழுக்க வெச்சேன். வாசல்ல நின்னு, 'ராய், டாக்டர் முன்னாடி நல்லா ஊதுங்க, மானத்த வாங்கிடாதீங்க'ன்னேன். அவரும் மூச்ச தம் கட்டி ஊதுனாரு. அந்தாளு எழுதிட்டான், நொரையீரல் பரவால்ல, உதவித் தொகை கெடையாதுன்னு. வீட்டுக்கு வந்து அன்னிக்கு முழுக்க நீலம் பாரிச்சுக் கெடந்தாரு. பதினோரு மாசத்துல போயிட்டாரு."

எனக்கு இது தெரியாது. அப்பாவுக்கு ஏன் பணம் வரவில்லை என்று கேட்டபோதெல்லாம், "கவர்ன்மென்ட் அப்படித்தான்" என்றே சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருடம் அதை உள்ளே வைத்துக்கொண்டு காபிக் கோப்பையோடு மலையைப் பார்த்திருக்கிறாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீன்ஸ் அடிப்பிடித்த வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வீட்டுப் போனிலிருந்து மாநில ஆபீஸைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒருவர் எடுத்தார். தன்மையான குரல். எல்லாவற்றையும் சொன்னேன். சர்ச்சில் எடுத்தது, வீட்டில் எடுத்ததல்ல, தப்பு நடந்துவிட்டது, ஒரு ஆளை அனுப்பி எல்ஜின் வீட்டில் அளந்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"ஆள் அனுப்பற வழக்கம் இல்ல மேடம். அந்தப் பத்தொம்பது தாள்லயும் கையெழுத்து இருக்கு. 'இந்தச் சோதனை என் வீட்டுக்குள் எடுக்கப்பட்டது' அப்படின்னு. அது பொய்ங்கறீங்களா?"

அம்மா சமையலறை வாசலில் பாத்திரத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பொய்னா என்ன ஆகும்?" என்றேன்.

"அது வேற ஆபீஸுக்குப் போகும். அரசாங்கத்துக்குத் தப்பான தகவல் குடுக்கறது குத்தம். யார் யாருன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் அங்க அனுப்பி வெக்கறேன்."

அம்மா உள்ளே வந்தாள். "குடுடி போன. நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன்."

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். பிறகு கையை எடுத்துக் கேட்டேன்: "சரி, யாரோ ஒருத்தர் நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. அப்ப எங்க ஹாலர் செவப்பாயிடுமா?"

"ஆகாது மேடம். ஆதாரம் குடுக்கற கெடு அக்டோபரோட முடிஞ்சுது. அந்தப் பத்தொம்பதையும் தள்ளிடுவோம், அவ்வளவுதான். அப்ப உங்க கையில ஏழு வீடு இருக்கும். இருபத்தொண்ணு வேணும்."

"அடுத்து எப்ப விண்ணப்பிக்கலாம்?"

"இந்தத் திட்டத்துல அடுத்துன்னு ஒண்ணு இல்ல மேடம். ஐ ஆம் சாரி. வேற ஏதாவது உதவி வேணுமா?"

நானும் இதே வார்த்தையைத் தினமும் அறுபது பேரிடம் சொல்கிறவள்தான். கத்துகிறவர்களிடம் எப்படிக் குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே சாரி சொல்ல வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் ஒரு இடத்திலும் பிசகவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

டிசம்பர் பத்தாம் தேதி முடிவு வந்தது. லாரல் லிக், நாற்பத்தோரு வீடு, சேவை உண்டு. ஹாலரில் யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். வெல்மா ஒரு ஜாடி பீச். எல்ஜின் தான் பிடித்த மீன். சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல வந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஹெர்ஷல் மாமா மட்டும் அடுப்படியில் நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டே, "போகட்டும் ஒனீடா, இந்த ஹாலர்லயே வேகமான வீடு என்னுதுதான்னு இப்ப கவர்ன்மென்டே ஒத்துக்கிச்சு" என்றார். அம்மா சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

டெனீஸிடம் லெட்டர் கிடைக்கவில்லை என்றேன். "அப்ப உங்க வீட்ல இருக்குன்னுதானே அர்த்தம்? கனெக்ஷன் வாங்கிடேன்" என்றாள். கம்பெனிக்குப் போன் செய்தேன், ஒரு தடவையாவது கேட்டுவிட்டேன் என்று இருக்கட்டும் என்று. உங்கள் முகவரி எங்கள் சேவைப் பகுதியில் இருக்கிறது, ஆனால் தற்சமயம் இணைப்புக் கொடுக்க இயலாது என்றார்கள். எப்போது இயலும் என்றால் அதற்குத் தேதி இல்லையாம்.

ஜனவரி இரண்டாம் தேதி கிளம்பினேன். அம்மா வழிக்கு வறுத்த பலோனி இறைச்சி வைத்து சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். வாசலில் நின்று கையாட்டினாள். சர்ச்சைத் தாண்டும்போது என் போன் டிங் டிங் என்று அடித்தது, பழக்கத்தில் வைஃபையைப் பிடித்துக்கொண்டு. நிறுத்தாமல் போனேன்.

இப்போது எனக்குச் சின்சினாட்டியில் மூன்றாம் மாடியில் ஒரு அறை. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் இன்டர்நெட் முந்நூறு வருகிறது. யார் கேட்டார்கள் முந்நூறு?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அம்மா வீடியோவில் கூப்பிடுவாள். போன ஞாயிறும் கூப்பிட்டாள். டிரக்குக்குள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சர்ச்சின் வடக்குச் சுவர். நான் மூன்று வருடம் நின்ற அதே இடம்.

"தெரியறேனா?"

"நல்லாத் தெரியறேம்மா." அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தாள். தலையைச் சீவி, ஆராதனைக்குப் போடும் முத்துத் தோடு போட்டு, லேசாக உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

"எஞ்சின ஆன் பண்ணும்மா. குளுரும்."

"எதுக்கு வீணா பெட்ரோல்? எனக்கென்ன குளுரு!"

"இடுப்பு எப்படி இருக்கு?"

"இடுப்புக்கென்ன, தங்கமா இருக்கு."

"ராத்திரி பயமா இருக்காம்மா?"

"போடி, பயமாம். ஹெர்ஷல் தெனம் வர்றான். வெல்மா வர்றா. விறகு கெடக்கு, சாப்பாடு கெடக்கு. எனக்கு ஒரு கொறையும் இல்ல. நான் நல்லா இருக்கேன்டி, நீ வேலையப் பாரு."

படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை, குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. அம்மா நல்லா இருக்கிறேன் என்று சொன்னாள். தொண்ணூற்று நான்கு. அது சர்ச் வாசலில் எடுத்த எண் என்று எனக்குத் தெரியும். நாலு மைல் மேலே, வீட்டுக்குள் எவ்வளவு என்று அவள் சொல்லமாட்டாள். சரிம்மா, பத்திரமாப் போ என்று சொல்லி வைத்துவிட்டேன்.